நாலு வாரப் பூச்சி

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவளிடம் ஒரு சின்னப் பெட்டியும் ஏழு ஆர்க்கிட் தொட்டிகளும் இருந்தன. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அல்சூர் வரைக்கும் தொட்டிகளை டாக்ஸியின் பின்சீட்டில் உட்காரவைத்து, குலுங்கிச் சாயாமலிருக்கத் தன் சுடிதார்களைச் சுருட்டி இடையிடையே செருகிக் கொண்டுவந்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. எனக்குப் பத்து வயது. திங்கட்கிழமை கன்னடப் பரீட்சை. லிஃப்ட் வேலை செய்யாததால் அப்பா இரண்டிரண்டு தொட்டிகளாகத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். நாலாவது முறை ஏறி வந்து மூச்சு வாங்க நின்றபோதும், எதற்காக இப்படித் திடீரென்று வந்திருக்கிறாய் என்று தன் தங்கையை அவர் கேட்கவில்லை.

அம்மாதான் கேட்டாள். அவள் கேட்டது வேறு. "இதையெல்லாம் எங்க வைக்கிறது?"

என் அறை ஜன்னலில் என்று முடிவானது. கிழக்குப் பார்த்த ஜன்னல், காலையில் ஒரு மணி நேரம் மெல்லிய வெயில் வரும், ஆர்க்கிட்டுக்கு அது போதுமாம். அத்தைக்கும் என் அறைதான் என்று முடிவானது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தையை விரித்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் துள்ளிக் குதித்துச் சரி என்றிருப்பேன். கேட்காததால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வீடு தாத்தா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. அத்தை கல்யாணமாகிப் போனது அங்கிருந்துதான். ஆனாலும் முதல் சில நாட்கள் எதைத் தொடுவதற்கும் அவள் அனுமதி கேட்டாள். "அண்ணி, ஃபேன் போட்டுக்கலாமா?" "அண்ணி, இந்த டம்ளர் எடுத்துக்கலாமா?" அம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. "ஃபேன் போடறதுக்கெல்லாம் எதுக்கும்மா என்னைக் கேக்கிற? போட்டுக்கோ" என்று ஒருமுறை வள்ளென்று விழுந்தாள். அத்தை அதற்கும் "சாரி அண்ணி" என்றாள்.

அவளுடைய போன் மட்டும் சாப்பாட்டு மேசைமேல் கிடந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து மேசையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்துவிடும். அந்தப் பக்கமாகப் போகிற யாராவது அதை மறுபடி நடுவில் தள்ளி வைப்போம். அத்தை எடுக்கவே மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் போன் அடிக்கும். அப்பா பால்கனிக்குப் போய், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, "இல்ல மாப்ளை... புரியுது மாப்ளை..." என்று பேசிக்கொண்டிருப்பார். எங்கள் பால்கனியில் நாலு எட்டுக்கு மேல் வைக்க முடியாது. அவர் திரும்பித் திரும்பி நடப்பதைப் பார்த்தால் எனக்கே கால் வலிக்கும்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அத்தை ஜன்னலடியில் முழங்காலிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இலையின் அடிப்பக்கம் நடு நரம்பை ஒட்டிப் பழுப்பாகச் சில புள்ளிகள் இருந்தன. துவரம்பருப்பின் தோல் ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி.

"செடிக்கு மச்சம் அத்தை" என்றேன்.

"மச்சமா? இங்க பாரு." நகத்தால் ஒன்றை நெம்பினாள். அது பெயர்ந்து வந்தது. இருந்த இடம் ஈரமாக இருந்தது. "செதில் பூச்சி. ஓட்டுக்குள்ள அசையாம உக்காந்துக்கிட்டு சாறு குடிச்சிட்டே இருக்கும். பாக்கிறவங்களுக்குப் பூச்சின்னே தெரியாது."

இலையின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சர்க்கரைப் பாகு சிந்தின மாதிரி பிசுபிசுத்தது. அதைத் தேடித்தான் இரண்டு நாளாக ஜன்னல் ஓரம் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை என் பிஸ்கட் தூளால் வந்தது என்று நினைத்து யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன்.

அன்றே அப்பா அவளிடம் பேச்சை எடுத்தார். "மாப்ளை கேக்கிறாரும்மா. எப்ப வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு."

அத்தை என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "செடியில பூச்சி விழுந்திருக்குண்ணா" என்றாள். "இப்ப தூக்கிட்டு அலைய முடியாது. ஒருவாட்டி தொடச்சா போகாது. முட்டை பொரிஞ்சு குஞ்சு வந்துட்டே இருக்கும். வாராவாரம் தொடைக்கணும். நாலு வாரம் ஒரு பூச்சிகூட கண்ல படலன்னாத்தான் சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு கெடு கிடைத்துவிட்டது. நாலு வாரம் என்பது மாமாவிடமும் சொல்லக்கூடிய, கௌரவமான ஒரு பதில். சொன்னார். மாமாவும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்கள். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் எப்போதும் ஸ்பிரிட் வாடை. ஊசி போடுமுன் கையில் தடவுகிற ஸ்பிரிட்டை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்து, காது குடைகிற பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியையும் ஓட்டோடு நெம்பி எடுத்தாள். இலையும் தண்டும் சேர்கிற இடுக்கு, காய்ந்த தோலுக்கு அடிப்பக்கம், தொட்டி விளிம்பு என்று ஒன்று விடவில்லை. வேருக்கு இருந்த பழைய தேங்காய் மட்டைத் துண்டுகளையும் கரியையும் கொட்டிவிட்டு, வேரைக் கழுவி, புதிதாகப் போட்டாள். நோய் கண்ட மூன்று தொட்டிகளைத் தனியாக என் படிப்பு மேசைக்கு மாற்றினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டேன். அம்மா கதவருகே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. குழந்தை எப்படிப் படிக்கும்?" என்பாள். பெரியம்மாவுடன் போனில் பேசும்போது, "எப்ப கெளம்புவாளோ தெரியல. வீடே தலைகீழா கெடக்கு" என்று அவள் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

எனக்கோ அத்தை கிளம்பவே கூடாது என்றிருந்தது. நான் ஒற்றைப் பிள்ளை. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கேஸ் புக் பண்ணியாச்சா, பால் வந்ததா, அவ்வளவுதான். அத்தையோ பூச்சிகளுடன் பேசுவாள். "வாங்க சார், போதும் குடிச்சது" என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுப்பாள். இரண்டாவது வாரம் அனுமதி கேட்பது நின்றது. மூன்றாவது வாரம், கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்த கம்பெனித் தோழி யாரிடமோ போனில் பேசிச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நாலாவது வாரம் பூச்சி ஒன்றுகூட இல்லை. அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுத்தமான இலைகளையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பெட்டியைத் திறப்பாள், ஒரு துணியை வைப்பாள், வெளியே எடுப்பாள். வெள்ளை டிஷ்யூ பேப்பரால் இலையின் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சிவப்புக் கறை தெரிகிறதா என்று பார்த்தாள். அப்படித் தெரிந்தால் சிலந்திப்பேன் இருக்கிறது என்று அர்த்தமாம். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்து அவள் முகம் விழுந்ததைக் கவனித்தேன்.

எங்கள் காம்பவுண்டில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி உண்டு. அம்மா தினமும் சாமிக்கு அதிலிருந்துதான் பூ பறிப்பாள். அதன் கிளை நுனிகளில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாக இருப்பதை ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு சின்ன நுனியைக் கிள்ளி ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினேன். மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறினேன். அத்தை குளிக்கப் போயிருந்தாள். இருந்ததிலேயே பெரிய தொட்டி, மொட்டு விட்டிருந்தது, அதன்மேல் அந்தச் செம்பருத்தி நுனியைத் தட்டினேன். இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள் இலை இடுக்கில் விழுந்தன. ஒன்று மெதுவாக நகர்ந்தது.

மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது வேற பூச்சி" என்றாள். குரலில் ஒரு மாதிரியான திகைப்பு. "அது செதில் பூச்சி. இது மாவுப்பூச்சி. ஜன்னல் மூடியிருக்கு. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

பஞ்சுக் குச்சியால் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். சிவப்பாக ஏதோ கசிந்தது. நான் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அத்தை அறையைச் சுற்றிப் பார்த்தாள், ஹாலுக்குப் போனாள், சாமிப் படத்துக்கு முன்னால் நின்றாள். அங்கே செம்பருத்திப் பூக்கள் இருந்தன.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பூவிலேர்ந்துதான் வந்திருக்குன்னு நினைக்கிறேன். கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ள கொண்டுவராம இருந்தா..."

"சாமிக்குப் பூ வைக்கிறதுக்கும் இனிமே உன்னைக் கேக்கணுமா?" என்றாள் அம்மா. சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அம்மா செம்பருத்தி பறிப்பதை நிறுத்திவிட்டு, பூக்காரம்மாவிடம் சாமந்தி வாங்கினாள். மறுபடி நாலு வாரம் என்று அப்பா போனில் சொன்னார். இந்த முறை பால்கனியில் வெகுநேரம் நடந்தார்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்துவிட்டார்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. வெளிநாட்டுச் சாக்லேட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அம்மா எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். அத்தை தன் டம்ளரை எடுக்கக் கையை நீட்டியபோது மாமா, "அவளுக்குச் சக்கரை வேணாங்க. அரை டம்ளர் போதும்" என்றார். அத்தை கையை இழுத்துக்கொண்டாள். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் அவள் தினமும் முழு டம்ளர், இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள்.

பிறகு செடிகளைப் பார்க்க மாமா எங்கள் அறைக்கு வந்தார். குனிந்து பார்த்தார். "இதுக்கா இவ்ளோ பெரிய சீன்?" என்று சிரித்தார். "மச்சான், இதையெல்லாம் கீழ டஸ்ட்பின்ல போட்டுடலாம். போற வழியில நர்சரியில புதுசா பத்து வாங்கித் தரேன். கெளம்பு" என்றார் அத்தையிடம்.

ஏழுக்குப் பத்து! மாமா எவ்வளவு நல்லவர் என்று தோன்றியது எனக்கு. அத்தை ஏன் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள் என்று விளங்கவில்லை. அவள் யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"எத்தனை வாரம்னு சொன்னேன் பாப்பா?"

"நாலு வாரம்" என்றேன்.

"நாலு வாரம்" என்று அவளும் சொன்னாள், மாமாவைப் பார்த்து.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "சரி, நாலு வாரம். அதுக்கு மேல நான் வெயிட் பண்ண மாட்டேன் மச்சான், அவகிட்ட சொல்லிடுங்க" என்று மாமா படியிறங்கினார். சொல்லப்பட வேண்டியவள் அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

நான் செய்த வேலைக்கு அந்த வாரமே தண்டனை வந்தது. பெரிய தொட்டியின் மொட்டுகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்தன. மாவுப்பூச்சி மொட்டுக் காம்பில்தான் முதலில் ஏறுமாம். உதிர்ந்த மொட்டுகளை அத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. இனிமேல் செம்பருத்திப் பக்கமே போகக்கூடாது என்று சாமிமேல் சத்தியம் செய்தேன். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் குச்சியும் ஸ்பிரிட்டுமாக நானே உட்கார்ந்துவிடுவேன். சோப்புத் தண்ணீர் தெளிப்பேன், வேப்பெண்ணெய் கலந்து கொடுப்பேன். அத்தை வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் ஏழு தொட்டியும் பளிச்சென்று ஆகிவிட்டன. நாள் நெருங்க நெருங்க அத்தை மறுபடி பெட்டியைத் திறந்து மூட ஆரம்பித்தாள். சுத்தம் செய்தவள் நான்தான் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டது.

அந்தக் கடைசி வாரம், ஒரு காலையில் வேன் வருவதற்குள் டைரியை மறந்துவிட்டேன் என்று மேலே ஓடி வந்தேன். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். என் அறையில், ஜன்னலுக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் செம்பருத்திக் கிளை. அதை ஒரு தொட்டிமேல் பிடித்து, விரலால் தட்டிக்கொண்டிருந்தாள், தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போல அவ்வளவு இயல்பாக.

என்னைப் பார்த்ததும் கிளையை முந்தானைக்குள் சுருட்டினாள். "என்னடி மறந்த?"

"டைரி."

"எடுத்துட்டு ஓடு. பூ பறிக்கப் போயிருந்தேன்" என்றாள், நான் கேட்காமலேயே.

அன்று வகுப்பில் என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், பாத்ரூம் போனேன், மறுபடி தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மாவுக்கு இவ்வளவு கெட்ட மனசா? செடிகளைக் கொன்றுவிட்டால் அத்தை போய்விடுவாள் என்று திட்டம் போடுகிறாளே! பெரியம்மாவிடம் போனில் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து அழுகை முட்டியது.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அத்தை, அம்மாதான் பூச்சி போடறாங்க. நானே பாத்தேன். செம்பருத்திக் கிளையைக் கொண்டாந்து தட்டறாங்க. நான் போட்ட மாதிரியே."

"நீ போட்ட மாதிரியா?"

வாய் தவறிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. பிறகு எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று கதவில் காதை வைத்தேன். குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியதும் அம்மாவின் குரல் கேட்டது. "நான் வேற என்னம்மா பண்றது? உங்கண்ணன்கிட்ட நான் வாயைத் தொறந்தா, நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும்." நான்தான் கெடுத்தேன்! ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கு அத்தை என்னவோ சொன்னாள், அடுத்த விசிலில் அது கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் அழுகிற மாதிரியும் இருந்தது, சிரிக்கிற மாதிரியும் இருந்தது. சண்டை மட்டும் வரவேயில்லை. வெளியே வந்த அத்தை, மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்த தன் போனை எடுத்தாள். மாமாவின் அழைப்பை இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஏற்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பால்கனிக்குப் போய், நடக்காமல் ஒரே இடத்தில் நின்று பேசினாள்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து எங்களோடு மேசையில் காபி குடிக்கும்போது அத்தை எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை அவரை வரவேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா, மறுபடியும் பூச்சியா?"

"இல்லண்ணா. செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போகல."

அப்பா டம்ளரை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா, "பாப்பா ரூம் அலமாரியில ஒரு பக்கம் காலி பண்ணணும். எத்தனை நாளைக்குப் பெட்டியிலேயே துணியை வச்சுப்பா?" என்றாள், வெண்டைக்காய் முற்றிப்போயிருந்தது என்று சொல்கிற குரலில். அப்பா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "ம்" என்றார். அந்த ஒரு "ம்"மில் அத்தை ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தாள். பழைய தோழி மூலமாக வேலையும் கிடைத்து, பிறகு ஆஸ்டின் டவுனில் தனியாக வீடு எடுத்துக்கொண்டாள்.

அதெல்லாம் பின்னால். அன்று என் கவலை வேறு. அத்தை அப்பாவிடம் கூசாமல் பொய் சொல்கிறாளே என்றிருந்தது.

"இல்லப்பா, செடி நல்லா இல்ல. பூச்சி இருக்கு. இன்னிக்குக் காலைலகூட—"

அம்மா மேசைக்கடியில் என் தொடையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் அலறியதும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். உண்மையைச் சொன்னவளுக்குக் கிள்ளு, குற்றம் செய்தவளோடு சேர்ந்துகொண்டு சிரிப்பு. அநியாயம் தாங்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, அம்மா போட்ட பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க ஆரம்பித்தேன். அம்மாவிடமிருந்து அத்தையைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.